குறை சொல்லி விற்ற புத்தகம்

நாகர்கோவில் கணினி ஆர்வலர் சங்கக் கூட்டத்தில், தான் படித்து முடித்த புரோகிராமிங் புத்தகத்தை விற்க வந்தாள் ஜெபசெல்வி. அடுத்த புத்தகம் வாங்க அந்தக் காசுதான் அவளுக்கு வழி.

சங்கத் தலைவர் வைகுண்டராஜன் எல்லார் முன்னாலும் நக்கலாகச் சிரித்தார். "இதைப் பத்தி ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லாம வித்துக் காட்டு பாப்போம். முடியலைன்னா எனக்குச் சும்மா கொடுத்துடணும்."

"சரி சார்" என்று ஜெபசெல்வி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "அண்ணன்மாரே, அக்காமாரே, கேட்டுக்கிடுங்க. இதுல கடைசி புரோகிராம் ஓடவே ஓடாது. தப்பு எங்கன்னு தேடித் தேடி நான் சோறு தண்ணி மறந்தேன். உங்களாலயும் கண்டுபிடிக்க முடியாது. வாங்காதீங்க!"

அவ்வளவுதான். "எங்களால முடியாதா? இங்க கொடு!" என்று நாலா பக்கமும் கைகள் நீண்டன. எல்லாருக்கும் முந்தி, முழு விலையோடு நீண்டது தலைவரின் கை.