தொடுதிரையில் கிடந்தவர்

தடய மருத்துவ வகுப்பில் கத்தி கிடையாது. கட்டில் நீளத்துக்குத் தொடுதிரை மேசைகள்தான். இறந்தவரின் உடலைப் படமெடுத்து அதில் ஏற்றியிருப்பார்கள். விரலால் தொட்டால் தோல் விலகும். இன்னொரு முறை தொட்டால் விலா எலும்பும் விலகிவிடும்.

அன்றைக்குத் தேர்வு. ராத்திரி தரையில் பாய் விரித்துப் படுத்த விவசாயி காலையில் எழவில்லை. எப்படி இறந்தார்? சரியாகச் சொல்பவர் இருதயராஜ் சாருடன் நிஜப் பிணவறைக்குப் போகலாம்.

பூவிழிதான் முதலில் முடித்தாள். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தாள். சார் கூப்பிட்டதோ பக்கத்து மேசை ஜெரினாவை. எல்லாரும் கைதட்டினார்கள். பூவிழியும் ஒப்புக்குத் தட்டினாள்.

வகுப்பு கலைந்ததும் சார் முன்னால் போய் நின்றாள்.

“எப்பப் பார்த்தாலும் அவதானா சார்? நகம் வெட்டவே அரை நாள் எடுப்பா அவ!”

“அப்படியா? இன்னைக்கு எப்படிச் செஞ்சா?”

“நான் நெஞ்சையே திறந்துட்டேன். அவ இன்னும் தோலைக்கூடத் தொடலை. குனிஞ்சு குனிஞ்சு என்னத்தையோ பார்த்துக்கிட்டே இருந்தா. நடுவுல கொட்டாவி வேற.”

“கையில கடிகாரம் கட்டியிருந்தாளா?”

“இடது கையில. வார் அறுந்து, கறுப்பு நூல் போட்டுக் கட்டியிருந்தா.”

“சரி. உன் மேசையில கிடந்த மனுஷனுக்கு மீசை உண்டா?”

பூவிழி அணைந்திருந்த தன் மேசையைத் திரும்பிப் பார்த்தாள்.

சார் மேசையை உயிர்ப்பித்தார். “தோலை மூடு.”

தொட்டாள். நெஞ்சு மூடிக்கொண்டது. விவசாயி முழுசாகக் கிடந்தார். பாதி நரைத்த முரட்டு மீசை.

“வலது குதிகாலைப் பெரிசாக்கிப் பார்.”

பெரிதாக்கினாள். வெடிப்புகளுக்குப் பக்கத்தில் ஊசி குத்தினாற்போல் இரண்டு புள்ளிகள். தூங்குகிறவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலிகூடத் தெரியாது என்று போன வாரம்தான் பாடம் நடந்தது. கத்தி வைக்கும் முன் உச்சி முதல் பாதம் வரை பார்க்க வேண்டும் என்பது முதல் நாள் பாடம்.

படத்தைப் பழைய அளவுக்குச் சுருக்கினாள்.

“ஆனா அறுத்ததுல தப்பில்லையே சார்?” என்றாள், மெல்ல.

“தப்பே இல்லைம்மா. ஜெரினாவை நல்லாத்தான் அறுத்திருக்கே. மேசையில கிடந்தவரைத்தான் விட்டுட்டே.”