மூச்சுப் படாத பூ

ஐயாமாரே, அம்மாமாரே, சற்று நெருங்கி உட்கார்ந்து கேளுங்கள். மலைக்கொரு ராஜா ஆண்ட காலம் அது. மேகம் காலடியில் மிதக்கும் ஒரு மலையின் உச்சியில் ஓர் அம்மன் கோயில் இருந்தது. கோயிலை ஒட்டி, உயர்ந்த கற்சுவருக்குள் ஒரு நந்தவனம் இருந்தது.

அந்த நந்தவனத்தைக் காத்தவர் தாண்டவப் பண்டாரம். ஐம்பதைக் கடந்தவர். மனைவி இல்லை, மக்கள் இல்லை, பூச்செடிகள்தாம் எல்லாம். பூப்பறிக்கும்போது வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்வார். அம்மனுக்குச் சூட்டும் பூவின்மேல் எந்த உயிரின் மூச்சும் படக்கூடாது என்பது அந்தக் கோயிலின் வழக்கம். அதனால் நந்தவனத்துக்குள் ஆளும் நுழைவதில்லை, ஆடுமாடும் நுழைவதில்லை.

விடிந்ததும் மாலையோடு கோயில் வாசலில் நிற்பார். "மூச்சுப் படாத பூவா?" என்று குருக்கள் கேட்பார். "மூச்சுப் படாத பூ" என்பார் பண்டாரம். அப்புறம்தான் மாலை உள்ளே போகும். அவர் காலத்தில் ஒரு நாளும் மாலை தவறியதில்லை.

ஓர் ஆண்டு மார்கழியில் உறைபனி இறங்கியது. குடத்துத் தண்ணீர் கல்லானது. மிதித்த புல் காலடியில் நொறுங்கியது.

அன்று மாலை பொம்மக்காள் என்னும் இடைச்சி ஆட்டுக் கிடையோடு வந்து நந்தவனத்துக் கதவைத் தட்டினாள். கீழ்நாட்டில் புல் இல்லாமல் மேலே ஏறி வந்தவள், பனியில் மாட்டிக்கொண்டாள்.

"சாமி, குட்டி போட்ட ஆடுங்க இருக்கு. காத்துக்கு மறைவா உள்ளே ஒரு ஓரம் விடுங்க."

"அம்மன் பூ இருக்கிற இடம். மூச்சுப் படக்கூடாது, தாயே."

"வாசல்ல நின்னு நீங்க பேசுற மூச்சு எங்கே போகுது, சாமி?"

பண்டாரம் கதவைச் சாத்தினார். கோயில் வேட்டிகளை எல்லாம் கொண்டுவந்து செடிகளை மூடினார். விடிந்தபோது நந்தியாவட்டைப் பாத்தி கருகிக் கிடந்தது. சுவருக்கு வெளியே ஒரு குட்டி விறைத்துக் கிடந்தது. பண்டாரம் அரளியைப் பறித்து மாலை கட்டினார். "மூச்சுப் படாத பூவா?" "மூச்சுப் படாத பூ."

மறுநாள் மாலையும் அவள் வந்தாள். "பூவுக்கு மூச்சு ஆகாதுன்னீங்க. என் குட்டிக்கு மூச்சே இல்லாமப் போச்சு. இன்னிக்காவது விடுங்க."

அன்றும் கதவு சாத்தியே இருந்தது. மூங்கில் தட்டி கட்டினார், சருகு குவித்தார். காற்று தட்டியைச் சாய்த்தது, சருகை வாரிக்கொண்டு போனது. விடிந்தபோது அரளி கருகியிருந்தது. வெளியே இரண்டு குட்டிகள் கிடந்தன. அவற்றைப் பாராமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. செவ்வந்தியில் மாலை கட்டினார். "மூச்சுப் படாத பூவா?" என்று குருக்கள் கேட்டார். "மூச்சுப் படாத பூ" என்றார். பொய் இல்லை. ஆனாலும் குருக்களின் முகத்தைப் பாராமல்தான் சொன்னார்.

மூன்றாம் நாள் மாலை, செவ்வந்தி ஒன்றுதான் மிச்சம். வேட்டிகள் பனியில் விறைத்துக் கிழிந்துபோயின, கட்டத் தட்டி இல்லை. பொம்மக்காள் வந்தாள். இந்த முறை அவள் கதவைத் தட்டவில்லை. சுவரோடு சுவராகக் குட்டிகளை அணைத்து உட்கார்ந்துவிட்டாள்.

நான் காப்பது அம்மனின் பூவையா, என் பெருமையையா என்று பண்டாரம் தம்மையே கேட்டுக்கொண்டார். அதற்குள் கை போய்க் கதவின் தாழை நீக்கியது.

"உள்ளே வா, தாயே."

மந்தை திமுதிமுவென்று நுழைந்தது. நுழைந்த வேகத்தில் ஓர் ஆடு ஒரு கொத்துப் பூவை வாயில் போட்டது. "ஏ மூதேவி! அம்மனுக்கு முன்னாடி உனக்குப் பூசையா?" என்று அதன் முதுகில் ஒன்று வைத்தாள் பொம்மக்காள். பிறகு தோளில் கிடந்த கம்பளிகளை உருவிச் செடிகள்மேல் போர்த்தினாள்.

"உனக்கு?" என்றார் பண்டாரம்.

"சுவர் காத்தை மறிக்குது. ஆட்டு நடுவுல ஆடாக் கிடந்தாச் சூடு தானா வரும். இதுவரைக்கும் காத்துலதானே வச்சிருந்தீங்க, அதான் கம்பளி தேவைப்பட்டுது."

பாத்தியைச் சுற்றி ஆடுகள் நெருங்கிப் படுத்தன. அவற்றின் மூச்சு ஆவியாய் எழுந்து செடிகளின்மேல் கவிந்தது.

விடிந்தது. கம்பளியை விலக்கினால், செவ்வந்தி மஞ்சள் மாறாமல் நின்றது. ஒரு குட்டியும் சாகவில்லை.

பண்டாரம் செவ்வந்தி மாலையோடு கோயில் வாசலில் நின்றார். அம்மன் கழுத்து வெறுமையாய் இருந்தது. ஆமென்றால் மாலை உள்ளே போகும். அல்லவென்றால், மாலை தவறாத வழக்கம் அறுந்துபோகும்.

"மூச்சுப் படாத பூவா?"

"இல்லை, ஐயா. ராமுழுக்க ஆட்டு மூச்சுப் பட்ட பூ."

குருக்கள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். மாலையை உற்றுப் பார்த்தார். "நேற்றையது?"

"படாத பூ."

"அந்த மூச்செல்லாம் நேற்று எங்கே இருந்தது?"

"சுவருக்கு வெளியே, ஐயா. சில மூச்சு அங்கேயே நின்றுபோயிற்று."

குருக்கள் இரு கையாலும் மாலையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதன் பிறகு அந்தக் கேள்வியை அந்த வாசலில் யாரும் கேட்கவில்லை.

பண்டாரத்துக்கு மனம் ஆறவில்லை. திரும்பி வந்து பொம்மக்காளின் முன் கை குவித்தார். "மூன்று குட்டிகள் என்னால் போயின. பொறுத்துக்கொள், தாயே."

"என்கிட்ட ஏன் கேக்குறீங்க, சாமி? பெத்தது அதோ நிக்குது. அதுகிட்டக் கேளுங்க."

கருகிய அரளிப் பாத்தியருகே ஒரு தாயாடு மடி கனத்து நின்று கத்திக்கொண்டிருந்தது. பண்டாரம் அதன் எதிரே போய் நின்றார். அது அவரைப் பார்க்கவில்லை. சுவருக்கு அப்பால் பார்த்துக் கத்தியது. மந்தை மலையிறங்கிப் போகும்வரை அவர் அங்கேயே நின்றார்.

குளிரில் நிற்கும் உயிருக்குக் கதவைத் திறக்காத பக்தி, பூவையும் காக்காது, தெய்வத்தையும் சேராது.