வீட்டோடு இருந்த டைப்பிஸ்ட்

தென்காசியில் சிதம்பரேசன் என்று ஒரு பத்தி எழுத்தாளர் இருந்தார். பழைய ஒழுங்கே நல்ல ஒழுங்கு என்று பத்திரிகையில் வாராவாரம் முழங்கி, புத்தகங்களும் போட்டுப் பெரிய ஆளானவர். அவர் சொல்லச் சொல்ல டைப் அடிப்பவள் குழல்வாய்மொழி.

தங்கச்சி கல்யாணத்துக்கு அவள் லீவு கேட்டாள்.

“லீவெல்லாம் கிடையாது. என் எழுத்தைத் தினமும் அடிக்கிறியே, அதன்படி ஒருநாளாவது நடந்திருக்கியா?” என்று எரிந்து விழுந்தார்.

“இனிமே அப்படியே நடக்கிறேன் ஐயா” என்றாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

தேர்தல் நேரம். சாயங்காலத்துக்குள் கட்டுரை போகாவிட்டால் அவர் இடத்தில் வேறொருவர் எழுதிவிடுவார். டைப்ரைட்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டுக்கே ஓடி, ஏன் வேலைக்கு வரவில்லை என்று வாசலில் நின்று கேட்டார்.

“பெண்ணுக்கு வீடே அழகுன்னு எழுதினீங்களே ஐயா!”

“சரி, இங்கேயே அடி. உள்ளே வந்து சொல்றேன்.”

“ஆம்பளை இல்லாத வீட்டுக்குள்ள அந்நியர் நுழையக் கூடாதுன்னும் எழுதினீங்களே!”

டைப்ரைட்டர் மட்டும் உள்ளே போனது. அவர் தெருவில் நின்று, ஜன்னலுக்குக் குனிந்து கட்டுரையைக் கத்திச் சொன்னார்: “ஆண்மகன் பெண்ணிடம் பணிந்து நிற்கலாகாது!”

குழாயடியில் தண்ணீர் பிடிக்க நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“அந்த வரியை அடிச்சிரும்மா” என்றார்.

“டைப் அடிக்கவா ஐயா, கோடு போட்டு அடிக்கவா?”

“கோடு போட்டே அடி, தாயே! லீவும் எடுத்துக்கோ!”