பெரிய டயருக்கு இடம்

மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். அதன் தலைவிக்கு நாற்பது வயது இருக்கும். எல்லோரும் அவரை அம்மை என்பார்கள். சீடர்களில் மூத்தவரான மாசிலாமணிக்கு அறுபது தாண்டிவிட்டது. அவரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார். அம்மை அவரை ஐயா என்பார். இதில் இருவருக்கும் சங்கடம் இல்லை.

மாசிலாமணி லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். மகனோடு சண்டை போட்டுக்கொண்டு ஆசிரமத்துக்கு வந்தார். சண்டை எதற்கு என்றால், புது வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு. சிரிக்கத் தோன்றும். ஆனால் தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்த சண்டை அது.

இப்போது வீடு கட்டி முடிந்துவிட்டது. மகன் போனில் கூப்பிட்டிருந்தான். "நீங்க வந்து நின்னாத்தான் பால் காய்ச்சுவோம், அப்பா" என்றான். மாசிலாமணி போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அம்மையிடம் போய் நின்றார்.

"அம்மா, எனக்குக் காவி குடுத்துருங்க."

"அப்படியென்ன அவசரம்?"

"மனசு அடங்கிருச்சுங்க. இங்க வந்ததுல இருந்து ஒருத்தரையும் ஒரு வார்த்தை கடுசாப் பேசுனதில்லை. எனக்கே ஆச்சரியமா இருக்குதுங்க."

"மகன் கூப்பிட்டாராமே?"

"அங்க போனா மறுபடியும் கலங்கிரும். காவி கட்டிட்டா யாரும் வரச் சொல்ல மாட்டாங்க பாருங்க."

அம்மை வெளியே நின்ற பிக்கப் வண்டியைப் பார்த்தார். மலைமேல் இருக்கிற ஊர்களுக்கு அரிசி ஏற்றிப் போகும் வண்டி அது. மழையில் பாதை அரித்து, வண்டியின் அடிவயிறு பாறையில் இடிக்க ஆரம்பித்திருந்தது. அதற்காக யாரோ ஒரு அன்பர் பெரிய டயர்களை வாங்கி அனுப்பியிருந்தார். மாட்டிப் பார்த்தால் முன்சக்கரத்தை மூடியிருக்கும் மட்காட்டில் இடம் போதவில்லை.

"அந்த மட்காட்டைச் சரி பண்ணிக் குடுங்கய்யா. அப்பறம் பேசலாம்."

மாசிலாமணிக்கு உற்சாகம் தாங்கவில்லை. காவிக்கும் தனக்கும் நடுவில் ஒரு தகரம்தானே! கொட்டகை நிழலில் வண்டியை நிறுத்தினார். மட்காட்டின் ஓரத்தைக் கட்டிங் மெஷினால் அறுத்தார். மிச்சத்தைச் சுத்தியலால் தட்டி உள்பக்கம் மடக்கினார். கையைக் கிழிக்காதபடி அரத்தால் ராவி, துருப் பிடிக்காமல் இருக்கப் பெயின்ட்டும் அடித்தார். பார்க்க அழகாகவே இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது.

டயருக்கும் தகரத்துக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாகப் போனது. வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டு விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார்.

அம்மையும் விரலை விட்டுப் பார்த்தார்.

"நல்லாருக்குது. அரிசி மூட்டையை ஏத்துங்க. எல்லாரும் ஏறுங்க."

"எல்லாருமேங்களா?"

"ஆமா."

மூட்டைகள் ஏறின. ஆசிரமமே ஏறியது. கடைசியாகச் சமையல்காரர் சடையப்பன் ஏறினார். நல்ல கனமான மனிதர். வண்டி ஒரு முறை அமுங்கி எழுந்தது. அம்மையே ஓட்டினார். குளத்து வளைவில் ஒரு பள்ளம். அதில் இறங்கி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபோது கர்ரென்று ஒரு சத்தம். ரப்பர் தீய்ந்த வாடை வந்தது.

மாசிலாமணி குதித்து இறங்கி ஓடினார். புத்தம்புது டயரில் தகரம் கீறி வைத்திருந்தது. அவருக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறிவிட்டது.

"இந்த ஆளை யாரு ஏறச் சொன்னது? யானையைக் கொண்டாந்து ஏத்துனா எந்த மட்காடுய்யா தாங்கும்? சமைக்கறதுல பாதி உன்ற வயித்துக்குத்தான் போகுது…"

இன்னும் சில வார்த்தைகள் வந்தன. அவற்றை எழுத வேண்டாம்.

சடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் மாசிலாமணிக்குத் தன் குரல் உறைத்தது. அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்ச் சடையப்பனின் கையைப் பிடித்தார்.

"மன்னிச்சுருங்க. நாக்கு பொல்லாதது."

"பரவாயில்லீங்க. நான் வேணா எறங்கிக்கட்டுமுங்களா?"

"வேண்டாம். உக்காந்தே இருங்க" என்றார் அம்மை. "ஐயா, இப்ப வேலையைப் பாருங்க."

"சுமையை எறக்கிட்டுத்தானுங்கம்மா வேலை பாக்கறது?"

"போன தடவை அப்படித்தான் பாத்தீங்க."

அது உண்மைதான். மாசிலாமணி இருந்த பட்டறைக்கு வந்த லாரிகளெல்லாம் காலியாக வரும், காலியாகவே போகும். சுமை ஏறிய வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து பார்க்கிற வேலை அவருக்கு வாய்த்ததே இல்லை.

ஆசிரமத்துப் பள்ளிக்கூட அறையிலிருந்து சாக்பீஸ் வந்தது. உரசும் இடத்தில் ஒட்டட்டும் என்று டயர் முழுக்க வெள்ளையாகப் பூசினார். அதே பள்ளத்தில் ஸ்டியரிங்கை ஒடித்து, வண்டியை மெல்ல நகர்த்தச் சொன்னார். பிறகு தரையில் படுத்துக்கொண்டு பார்த்தார்.

அவர் பாடுபட்டு வெட்டிய ஓரத்தில் சாக்பீஸ் ஒட்டவே இல்லை. மட்காட்டின் பின்பக்கத்துக் கீழ் மூலையில், அவர் கை வைக்காத இடத்தில், வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது.

"அட, இங்கயா!"

அவர் குரலில் கோபம் இல்லை. சந்தோஷமே இருந்தது. வண்டியைச் சுமையோடு கொட்டகைக்குத் திருப்பி, அந்த மூலையை வெட்டி, தட்டி மடக்கினார். அதுவரை சடையப்பன் மூச்சுகூடப் பலமாக விடாமல் மேலே உட்கார்ந்திருந்தார், பாவம்.

மறுபடியும் குளத்து வளைவு. மறுபடியும் பள்ளம். சத்தம் வரவில்லை. வண்டியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அன்றைக்கே அரிசி மலையேறியது.

சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு மாசிலாமணி அம்மையிடம் வந்தார்.

"நாளைக்கு ஊருக்குப் போய்ட்டு வரலாம்னு இருக்கறேனுங்கம்மா."

"போய்ட்டு வாங்க."

போகாமல் நின்றார்.

"அந்த வாசலைப் பாத்ததும் மறுபடியும் கோவம் வந்துருச்சுன்னா?"

"வரட்டும்" என்றார் அம்மை. "எங்க உரசுதுன்னு பாத்துக்கிட்டு வாங்க."