தீவுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

"அம்மா, தீவுல ஒருத்தி இருக்கா. நான் சொல்லி அனுப்புறதையெல்லாம் தப்புங்கிறா."

உலகம்மை புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு ஐயா அது?"

"என் பொண்டாட்டி."

"ஓ" என்றார் உலகம்மை. அடுத்த புளியை எடுத்தார்.

*

தீவுக்குப் போகிற படகு உலகம்மையின் மடத்து முன்னாலிருந்துதான் கிளம்பும். தண்ணீர் ஏறும்வரை காத்திருக்கிறவர்கள் மடத்து நிழலில் உட்காருவார்கள். பசித்தவர்களுக்குச் சோறு உண்டு. கேட்பவர்களுக்கு உலகம்மை ஒன்றிரண்டு வார்த்தை சொல்வார். கேட்காதவர்களுக்கு அதுவும் இல்லை.

சீடர் திருமேனிக்கு உலகம்மை மகள் வயது. அவர் இவரை அம்மா என்பார், இவர் அவரை ஐயா என்பார். புதிதாக வருகிறவர்கள் யார் குரு என்று தெரியாமல் இரண்டு பேரையும் கும்பிட்டுவைப்பார்கள்.

திருமேனி நில அளவைத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். ஆயுள் முழுக்க வயலும் வரப்புமாக அலைந்த கால். மடத்துக்கு வந்த அன்று அவர் கையில் ஒரு பைகூட இல்லை. உடுத்தியிருந்த வேட்டி சட்டையோடு வாசலில் நின்றார். எல்லாவற்றையும் துறந்து வந்த பெரிய மனிதர் என்று நினைத்து மடத்துச் சமையற்காரர் அவர் காலில் விழுந்துவிட்டார்.

பை படகில் போயிருந்தது.

அவர் மனைவி முத்திருளாயி அந்தத் தீவில் பிறந்தவள். கடைசி மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு சொன்னாள்.

"உங்க ஊருல இவ்வளவு காலம் இருந்தாச்சு. இனி எங்க ஊருல இருப்போம்."

நியாயம்தான் என்று அவரும் கிளம்பினார். பைகளை ஏற்றினார். அவளை ஏற்றினார். பலகையில் ஒரு காலை வைத்தார். பலகை அசைந்தது. அதன் கீழே தண்ணீர் அசைந்தது. காலை எடுத்துவிட்டார்.

"அடுத்த படகுல வாறேன்" என்றார்.

அவள் அவருடைய பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தீவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

அடுத்த படகு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பருவங்கள் மாறின.

*

மடத்தில் சேர்ந்த புதிதில் ஒருநாள் உலகம்மையின் முன்னால் போய் நின்றார்.

"எனக்கு ஏதாவது உபதேசம் பண்ணுங்கம்மா."

உலகம்மை வாசலைக் காட்டினார். மூட்டையும் பிள்ளைகளுமாக ஒரு குடும்பம் கடலைப் பார்த்து விழித்துக்கொண்டு நின்றது.

"தீவுக்குப் போறவங்க என்னவெல்லாம் தெரிஞ்சுக்கணுமோ, அதைப் போய் அவங்களுக்குச் சொல்லுங்க."

"நான் போனதில்லையேம்மா."

"போயிட்டு வர்றவங்களைக் கேளுங்க."

கேட்டார். இறங்குகிற ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டார். நிலத்தை அளந்த அதே நிதானம். கொஞ்ச காலத்திலேயே வாசல் பூவரச மரத்தடியில் அவருக்கென்று ஒரு ஸ்டூல் வந்துவிட்டது. தீவுக்குப் போகிறவர்கள் அவரிடம் கேட்காமல் படகில் கால் வைப்பதில்லை.

"வெறும் வயித்தோட ஏறுங்க. தின்னுட்டு ஏறினா கடல் எல்லாத்தையும் வெளிய எடுத்துரும். கையில ஒரு எலுமிச்சம்பழம் வெச்சு மோந்துக்கிட்டே போங்க. குடை கட்டாயம் வேணும், அங்க வெயில் மேலேருந்து பாதி, மணல்லேருந்து பாதி. குடிக்கத் தண்ணி இங்கேருந்தே எடுத்துக்கோங்க. தென்னைக்குக் கீழ படுக்காதீங்க. உயிருள்ள சங்கைத் தொடாதீங்க, அழகா இருக்கிறதுதான் கொட்டும். மாத்துத்துணி ஒண்ணு வெச்சுக்கோங்க. இறங்கும்போது செருப்பைக் கழட்டிக் கையில பிடிங்க, இல்லேன்னா மணல் இழுத்துக்கும். சாயங்காலக் காத்து எழும்புறதுக்குள்ள திரும்பிருங்க."

ஒருவர் கேட்டார்.

"நீங்க எத்தனை தடவை சார் போயிருப்பீங்க?"

"படகு வந்துருச்சு பாருங்க" என்றார் திருமேனி.

*

முதல் மறுப்பு ஒரு மதுரைக்காரர் மூலம் வந்தது.

"அங்க ஒரு அம்மா நம்மளைக் கைகொடுத்து இறக்கிவிடுறாங்க. செருப்பைக் கையில பிடிச்சிருந்தாலே மடத்துலேருந்து வர்ற ஆளுன்னு கண்டுபிடிச்சிடுறாங்க சார். உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க. வெறும் வயித்துலதான் குமட்டுமாம். ரெண்டு இட்லி தின்னுட்டுத்தான் ஏறணுமாம்."

"அப்படியா சொன்னாங்க?"

"அதுவும் சிரிக்காமச் சொன்னாங்க."

அதன்பிறகு வந்துகொண்டே இருந்தது.

"குடையா? அந்தக் காத்துல குடையும் போகும், பிடிச்ச ஆளும் போவான். ஈரத் துண்டு போதும்னாங்க."

"பவளக்கல் கத்தி மாதிரியாம். செருப்பு போனா வேற வாங்கலாம், காலு போனா எந்தக் கடையில வாங்குவாருன்னு கேட்டாங்க."

"எங்க கிணத்துத் தண்ணியைக் குடிச்சே பார்க்காம உப்புன்னு சொல்றவரு யாருன்னு கேட்டாங்க. கொஞ்சம் கோவமாத்தான் கேட்டாங்க."

"படகெல்லாம் போனதுக்கப்புறந்தான் தீவு கண்ணுக்குத் தெரியுமாம். வந்த அன்னிக்கே திரும்பச் சொல்ற ஆளுக்கு அது எங்க தெரியும்னாங்க."

ஒரு கல்லூரிப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"இது எனக்கே புரியலை அங்கிள். மாத்துத்துணி கொண்டுவர வேண்டியதில்லையாம். பெட்டியில மடிச்சு வெச்சிருக்காங்களாம். பூச்சி அடிக்காம அப்பப்போ வெயில்ல போட்டு எடுக்கிறாங்களாம். யாரோட துணின்னு கேட்டேன். சொல்லலை."

திருமேனி அன்று மதியம் சாப்பிடவில்லை.

மறுநாள் வாசலில் ஒரு கூட்டம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "மாத்துத்துணி ஒண்ணு வெச்சுக்கோங்க" என்றார். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

அன்றுதான் புளி உடைத்துக்கொண்டிருந்த உலகம்மையிடம் போய் முறையிட்டார்.

*

"அவங்க சொல்ற மாதிரி செஞ்சு பார்த்தீங்களா?" என்று கேட்டார் உலகம்மை.

"எப்படிம்மா? நான்தான் போனதே இல்லையே."

உலகம்மை தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"கொஞ்சம் எடுத்துக் கொடுங்க. நிறைய கிடக்கு."

இருவரும் கொட்டை எடுத்தார்கள்.

*

வாடைக்காற்று தொடங்கியது. நாளை ஒருநாள்தான் படகு. அதன்பிறகு தை பிறக்க வேண்டும்.

அன்று தீவிலிருந்து திரும்பிய படகில் திருப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு புதுத் தம்பதி இறங்கினார்கள். கேட்காமல் இருந்துவிட வேண்டும் என்றுதான் திருமேனி நினைத்திருந்தார்.

"அங்க ஒரு அம்மா ஏதாவது சொல்லிவிட்டாங்களா?"

"ஆமாங்க" என்றாள் பெண். "மடத்துல இப்படி இப்படிச் சொன்னாங்களே, சரியான்னு நாந்தான் கேட்டேன். சரின்னாங்க."

"எது சரி?"

"எல்லாமே. அவரு சொல்றதெல்லாம் சரிதான், அப்படியே செய்யுங்கன்னாங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லீங்க."

"உடம்பு கிடம்பு சரியில்லாம..."

"நல்லாத்தான் இருந்தாங்க. இவருதான் கால் வழுக்கித் தண்ணிக்குள்ள விழுந்துட்டாரு. மாத்துத்துணி வேற கொண்டு போகலை. அந்த அம்மாதான் பெட்டியைத் திறந்து ஒரு சட்டை கொடுத்தாங்க. திருப்பித் தர வேண்டாம்னுட்டாங்க."

திருமேனி அப்போதுதான் மாப்பிள்ளையைப் பார்த்தார். வெளிர்நீலச் சட்டை. மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் கறுப்பு, வெள்ளை நூலில் தைத்தது. அந்தப் பொத்தான் அறுந்த இடம்கூட அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒரு முள்வேலியைத் தாண்டும்போது.

"தெரிஞ்சவங்க சட்டைங்களா?" மாப்பிள்ளை கூச்சத்தோடு பொத்தானைத் தொட்டுப் பார்த்தான். "வேணும்னா கழட்டித் தர்றேன்."

"வேண்டாம் தம்பி. உங்களுக்குப் பொருத்தமா இருக்கு."

*

"அம்மா, நான் சொல்றதெல்லாம் சரின்னு சொல்லிட்டா."

"நல்லதுதானே ஐயா."

"நல்லதில்லம்மா."

"ஏன்?"

"அவ அப்படிச் சொல்றவ இல்ல. கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சொன்ன ஒண்ணுகூட அவளுக்குச் சரியாப் பட்டதில்ல."

"இப்போ பட்டிருக்கலாம்."

"நான் ஒரு வார்த்தையும் மாத்தலையே. அப்புறம் எப்படிச் சரியாகும்?"

உலகம்மை எழுந்தார். வாசலுக்குப் போனார். பூவரச மரத்தடியில் இருந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். விறகு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"மழை வரும். நனைஞ்சிடும்" என்றார்.

திருமேனி மரத்தடியைப் பார்த்தார். ஸ்டூலின் கால்கள் அழுந்தி அழுந்தி மண்ணில் நான்கு குழிகள் இருந்தன.

"நாளைக்கு வர்றவங்களுக்கு யாரும்மா சொல்றது?"

"கடைசிப் படகு. தீவு ஆளுங்கதான் ஊர் திரும்புவாங்க. அவங்களுக்கு என்ன சொல்லப்போறீங்க?"

அவர் நின்றுகொண்டே இருந்தார். உட்கார இடமில்லை.

"அம்மா."

"சொல்லுங்க."

"தீவுக்குப் போறவன் என்ன தெரிஞ்சுக்கணும்?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் போனதில்லையே."

"நீங்களுமா?"

"எனக்கு அங்க யாரும் இல்லையே ஐயா" என்றார் உலகம்மை.

*

காலையில் சமையற்காரர் அவர் முன்னால் இலையைப் போட்டு இரண்டு இட்லி வைத்தார். யார் சொல்லி வைத்தார் என்று திருமேனி கேட்கவில்லை. ஒன்றைத் தின்றார். மற்றதைத் தின்ன மனம் ஒப்பவில்லை. குடையையும் ஓர் எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டார்.

உலகம்மை அரிசி களைந்துகொண்டிருந்தார். திருமேனி கும்பிட்டார். அவரும் ஈரக்கையோடு கும்பிட்டார். அவ்வளவுதான்.

பலகை அதே பலகை. ஒரு காலை வைத்தார். அசைந்தது.

பின்னால் கோழிக்கூடையோடு நின்ற ஒருத்தி அவர் முதுகில் முழங்கையால் இடித்தாள்.

"ஏறுறீகளா, இறங்குறீகளா? கோழி எம்புட்டு நேரம் தலையில நிக்கும்?"

"எது வசதின்னு பார்க்கிறேன்மா."

"நடுவுல நிக்கிறதுதான் வசதியா?"

அவர் இன்னொரு காலையும் வைத்தார்.

படகில் இருந்த ஓர் ஆள் அவரை அடையாளம் கண்டுகொண்டு நகர்ந்து இடம் கொடுத்தார்.

"நம்ம மடத்துச் சார்! நல்லதாப் போச்சு. அலை அதிகமா இருக்கு, எங்க உக்காந்தா ஆட்டம் தெரியாது சார்?"

"தெரியலையே தம்பி. நானும் இப்பத்தான் முதல் தடவை."

அந்த ஆள் சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

கரை சிறுத்தது. காற்று ஒரு தட்டுத் தட்டிக் குடையைப் பிடுங்கியது. அது கொஞ்ச தூரம் பறந்து தண்ணீரில் மல்லாந்து விழுந்தது. எலுமிச்சம்பழம் எப்போது கையை விட்டு உருண்டது என்று அவருக்குத் தெரியவில்லை. ஓங்கரித்தார். கோழிக்காரி அவர் தலையைப் பிடித்துக் கடல்பக்கம் சாய்த்தாள்.

"சாப்பிட்டு வரலையாக்கும்?"

"ஒண்ணு சாப்பிட்டேன்."

"ரெண்டு சாப்பிடணும்" என்றாள் அவள்.

*

தீவில் படகுத்துறை கிடையாது. படகு இடுப்பளவு தண்ணீரில் நின்றது. சேலையை உயர்த்திச் செருகிக்கொண்டு ஒருத்தி தண்ணீருக்குள் நின்று ஒவ்வொருவராகக் கைகொடுத்து இறக்கிக்கொண்டிருந்தாள். கோழிக்கூடையை வாங்கிக் கைமாற்றினாள். யாரையோ பார்த்து, "உங்க ஆட்டுக்குட்டி நேத்து எங்க அகத்தியைத் தின்னுருச்சு" என்றாள். தலைமுடி முக்கால்வாசி நரைத்திருந்தது.

திருமேனியின் முறை வந்தது. படகின் விளிம்பில் உட்கார்ந்தார். பழக்கம் விடவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு காலைத் தொங்கவிட்டார்.

அவள் செருப்பைத்தான் பார்த்தாள்.

"கால்ல போடுங்க! எத்தனை பேருகிட்டத்தான் சொல்லிவிடுறது அந்த மனுசனுக்கு!"

பிறகு நிமிர்ந்தாள்.

ஓர் அலை வந்து படகைத் தூக்கி இறக்கியது. அவர் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் சரின்னு சொல்லிவிட்டியாமே" என்றார்.

அவள் இரண்டு கையாலும் படகை ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

திருமேனி குனிந்து செருப்பை மாட்டினார். கொஞ்ச நேரம் ஆனது.

"இப்போ?" என்றார்.

முத்திருளாயி பார்த்தாள். வலதுகால் செருப்பு இடதுகாலில் இருந்தது.

"தப்பு" என்றாள், ஒரு கையை நீட்டியபடி. "எல்லாமே தப்பு."