வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

கோணமேட்டு வடம் இழுக்கும் அணியில் நான்கு பேர். நால்வருக்கும் பலத்தை வாரிக் கொடுத்த ஆண்டவன், மூளை விஷயத்தில் மட்டும் கையை இறுக்கிக்கொண்டுவிட்டார்.

அணித்தலைவர் சடையப்பனுக்கு அன்று பெரிய கவலை. போன பொங்கலுக்கு மேலக்குளத்து ஆட்கள் இவர்களைச் சேற்றில் இழுத்துப் போட்டார்கள். அந்தக் கோபத்தில், "அடுத்த பொங்கலுக்கும் தோத்தா மீசையை எடுத்துடறேன்" என்று டீக்கடையில் சொல்லிவிட்டார். பாவம், வாழ்க்கையில் அவர் உருப்படியாக வளர்த்தது அந்த மீசை ஒன்றைத்தான்.

இந்த நேரம் பார்த்து, வடத்தின் கடைசியைப் பிடிக்கும் மாசிலாமணி தூங்க ஆரம்பித்தான். உட்கார்ந்தால் தூக்கம், நின்றால் தூக்கம். உடம்பும் ஊதிக்கொண்டே போனது. சடையப்பன் எல்லோரையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினார்.

"கழுத்துல பட்டாம்பூச்சி வடிவத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு," என்றார் டாக்டரம்மா. "உடம்பு எவ்வளவு வேகமா வேலை செய்யணும்னு சொல்ற ஹார்மோன் அதுலதான் சுரக்குது. கூடினா படபடப்பு, குறைஞ்சா தூக்கம். அளவா இருக்கணும். இவருக்குச் சரியா சுரக்கல. இந்த மாத்திரையைக் காலையில வெறும் வயித்துல தவறாம போடுங்க. அரை மணி நேரத்துக்கு அப்புறம் சாப்பிடலாம்."

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆலோசனை தொடங்கிவிட்டது.

"பட்டாம்பூச்சியா!" என்றான் கொண்டல்சாமி. "டேய் மாசிலாமணி, கொட்டாவி விடாதே. பறந்துடும்."

"அது கிடக்கட்டும். சுரக்கலைன்னாங்களே, அதுக்கு என்ன வழி?" என்றார் சடையப்பன்.

மாடு வைத்திருக்கும் உத்தண்டி தொண்டையைக் கனைத்தான். "எங்க பசுவும் இப்படித்தாண்ணே. கன்னுக்குட்டியை விட்டாத்தான் சுரக்கும்."

மறுநாள் விடிந்ததும் கன்றுக்குட்டி வந்தது. மாசிலாமணியைப் படுக்கவைத்துக் கழுத்தில் வெல்லம் தடவினார்கள். கன்று ஆசையாக நக்க, அவன் கூச்சத்தில் கெக்கெக்கே என்று சிரித்தான். "சுரக்குது, சுரக்குது!" என்று மற்ற மூவரும் குதித்தார்கள்.

"சரி, அடுத்தது மாத்திரை. சட்டையைக் கழட்டு," என்றார் சடையப்பன். "வெறும் வயித்துலதான் போடணும்."

மாத்திரையை வயிற்றின் மேல் வைத்தார். மாசிலாமணி ஒரு மூச்சு விட்டான். அது உருண்டு தரையில் விழுந்தது.

"ஐயையோ, தவறிடுச்சே! தவறாம போடச் சொன்னாங்களே!" என்று அலறினான் கொண்டல்சாமி.

"தொப்புள்ல வச்சா?" என்றான் உத்தண்டி.

"தொப்புள் வயித்துல சேர்த்தியா, குழியில சேர்த்தியா?" என்று கேட்டான் கொண்டல்சாமி.

கேள்வி நியாயமானதுதான். வெயில் ஏறும்வரை யோசித்தார்கள். கடைசியில் சடையப்பன் தீர்ப்புச் சொன்னார்: "வயல்ல இருக்கிற கிணறு யாருக்குச் சொந்தம்? வயல்காரனுக்குத்தானே? வை தொப்புள்ல."

அன்று முதல் தினமும் இதே வைத்தியம். மாத்திரையை வைத்துவிட்டு, அரை மணி நேரம் காவல் காத்து, மூவரும் இட்லி சாப்பிடப் போவார்கள். வெல்லத்தை முடித்த கன்று அப்படியே கீழே இறங்கித் தொப்புளையும் ஒரு நக்கு நக்கும். திரும்பி வந்து பார்த்தால் மாத்திரை இருக்காது.

"உடம்பு இழுத்துக்கிச்சு," என்று சடையப்பன் நிம்மதியாக மீசையைத் தடவிக்கொள்வார்.

பொங்கலும் வந்தது. மாசிலாமணி முன்னைவிட நன்றாகத் தூங்கினான். கன்றுக்குட்டிதான் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கயிற்றை அறுத்தது, சுவரைத் தாண்டியது, டவுன் பஸ்ஸைத் துரத்தியது.

போட்டி அன்று, கொஞ்சம் சுரக்கட்டுமே என்று கன்றையும் மைதானத்துக்கு ஓட்டி வந்தார்கள். மாசிலாமணிக்குக் கண் சொருகியது. கையிலிருந்த வடத்தின் நுனியைக் கன்றின் கழுத்துக் கயிற்றில் முடிந்துவிட்டு அங்கேயே படுத்துவிட்டான். நடுவர் விசில் அடித்தார். மிரண்ட கன்று எடுத்தது பாருங்கள் ஓட்டம்! வடம், சடையப்பன், உத்தண்டி, கொண்டல்சாமி, எதிரே மேலக்குளத்து ஆட்கள் என்று அத்தனை பேரும் வரிசையாக மைதானத்தை ஒட்டிய குளத்துக்குள் போய் விழுந்தார்கள். கோட்டைத் தாண்டியது மேலக்குளம் என்பதால் வெற்றி கோணமேட்டுக்கு. நனைந்திருந்தாலும் மீசை பிழைத்தது.

சடையப்பன் அணியைக் கூட்டிக்கொண்டு, கரும்புக்கட்டோடு டாக்டரம்மாவுக்கு நன்றி சொல்லப் போனார். நாற்காலியில் குறட்டை விடும் மாசிலாமணியைப் பார்த்து டாக்டரம்மாவுக்குச் சந்தேகம்.

"மாத்திரை போடறாரா?"

"தவறவே விடலீங்க. தொப்புள்ல வச்சு நாங்களே காவல் இருக்கோம்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். முழுக் கதையையும் கேட்டார். "ஐயா, அதை வாயில போட்டு, தண்ணி குடிச்சு முழுங்கணும்!"

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றார் சடையப்பன் மனத்தாங்கலோடு.

"தப்புதான். கன்னுக்குட்டியை மாட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. இவருக்கு ரத்தம் பரிசோதிக்கணும், நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க."

மறுநாள் பனி கொட்டும் காலையில், நான்கு பேரும் சட்டையில்லாமல் கடைவீதி வழியாக நடுங்கிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். நெய் வாசனை டாக்டரம்மாவின் மேசை வரைக்கும் அடித்தது.

"சாப்பிட்டுட்டா வந்தீங்க?"

"வயிறு முட்டப் பொங்கலும் வடையும் சாப்பிட்டோம் டாக்டரம்மா," என்றார் சடையப்பன், பற்கள் தந்தியடிக்க. "ஆனா நீங்க சொன்னபடி, வயித்து மேல மட்டும் ஒண்ணும் போடல."