வாழைநார்க் கடிவாளம்

ஒரு பாளையத்துக் குதிரைப்படைத் தளபதி மல்லப்பன், மீசையை முறுக்காமல் பேசமாட்டார். சமதரையில் அவர் குதிரை காற்றாய்ப் பறக்கும். வேலியைக் கண்டால் நின்றுவிடும்.

"நாளைக்கு ராஜா முன்னால இது தாண்டணும். தாண்டலேன்னா இதை வெட்டிப் போடுவேன், உன்னை ஊரைவிட்டே துரத்துவேன்," என்றார், லாயத்தில் புல் போடும் பொன்னுருவியிடம்.

அவள் தினமும் பார்ப்பவள். வேலி நெருங்கினால் தளபதி பயந்துபோய்க் கடிவாள வாரைக் கிணற்றுக் கயிறு மாதிரி இழுப்பார். வாய் வலித்துக் குதிரை நிற்கும். இதை அவரிடம் யார் சொல்வது?

மறுநாள் தோல்வாரை அவிழ்த்துவிட்டு வாழைநாரைக் கட்டினாள். "மந்திரிச்ச நார் சாமி. அறுந்தா மந்திரம் போயிரும். பூத்தொடுக்கிற மாதிரி பிடிங்க."

தளபதி பூப்போலப் பிடித்தார். ராஜா பார்க்க, குதிரை அங்கே கட்டியிருந்த மூன்று வேலிகளையும் தாண்டியது.

"ஒரே நாள்ல நானே பழக்கினேன் மகாராஜா," என்று மீசையை முறுக்கினார்.

"வெறும் நாரிலேயே தாண்டினவருக்குத் தோல்வார் எம்மாத்திரம் மகாராஜா?" என்றாள் பொன்னுருவி. "அதையும் மாட்டித் தாண்டச் சொல்லுங்க."

மாட்டினார்கள். வேலி வந்ததும் தளபதி பழையபடி இழுத்தார். குதிரை நின்றது, தளபதி மட்டும் தாண்டினார்.

ராஜா சிரித்து ஓய்ந்து, "அப்போ குதிரையைப் பழக்கினது நீயா?" என்றார்.

"குதிரைக்கு எல்லாம் தெரியும் மகாராஜா. நான் பழக்கினது தளபதியைத்தான்."

அன்றே லாயம் அவள் பொறுப்புக்கு வந்தது. மறுநாள் அவள் நடத்திய குதிரையேற்றப் பாடத்துக்கு, கையில் வாழைநாரோடு முதல் ஆளாக நின்றவர் மல்லப்பன்.